வலிக்காத பல்

"அம்மா, வலியை ஜெயிச்சவன் அடுத்ததா என்ன செய்யணும்?" என்று காத்தமுத்து கேட்டார்.

"வாயைக் கொப்பளிக்கணும்" என்றார் தில்லைநாயகி அம்மா.

சுற்றி உட்கார்ந்திருந்த ஆறேழு பேர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். காத்தமுத்து அதை ஏதோ ஆழமான பதில் என்று எடுத்துக்கொண்டு கண்களை மூடினார். அம்மா சொன்னது வாயைத்தான். இரண்டு வாரமாக அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே ஒரு அழுகல் வாடை அடித்தது.

சிறுமலை அடிவாரத்தில், கொய்யாத் தோட்டத்துக்கு நடுவே, ஓடு போட்ட மூன்று அறைகள். அதைத்தான் மடம் என்கிறார்கள். அம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. பதினாறு வருஷம் பஞ்சாலையில் மூன்று ஷிப்டும் பார்த்தவர். ஞானம் எப்போது வந்தது என்று யாராவது கேட்டால், "ஞானமா? எனக்குத் தூக்கம்தான் வருது" என்பார். அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு கும்பிடுவார்கள். உண்மையில் களைப்புதான். ஒரே கேள்வியை வருஷக்கணக்கில் ஆளுக்கொரு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் அலுத்துப்போகும்.

காத்தமுத்து அம்மாவைவிட ஐந்து வயது மூத்தவர். இருபத்துமூன்று வருஷம் லாரி ஓட்டிவிட்டு மடத்துக்கு வந்தவர். வந்து ஏழு வருஷம் ஆகிறது. வந்த முதல் நாள் அம்மா எல்லா ஆண்களையும் கூப்பிடுவது போல, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றார்.

"எப்படி வேணாலும் கூப்பிடுங்கம்மா. அண்ணேன்னு மட்டும் கூப்பிடாதீங்க" என்றார் காத்தமுத்து.

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் "டிரைவரே" ஆகிவிட்டார்.

பல் வலி வந்தது பங்குனியில். இடது பக்கம், கீழ்க் கடைவாய். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. அப்புறம் சூடு பட்டாலும் கூசியது. அப்புறம் எதுவும் படாமலே தெறித்தது. டாக்டரிடம் போகச் சொன்னவர்களிடம் காத்தமுத்து கையைக் காட்டி மறுத்துவிட்டார். வலியை வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று நெல்லி மரத்தடியில் போய் உட்கார்ந்தார். பன்னிரண்டு நாள் சரியான சாப்பாடு இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

பதிமூன்றாம் நாள் காலையில் வலி இல்லை. சுத்தமாக இல்லை. ஐஸ் தண்ணீர் குடித்துப் பார்த்தார், காப்பியைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

அதன் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மடத்துக்கு வந்தவர், போனவர், பால்காரர் வரை அந்தப் பதிமூன்றாம் நாளைப் பற்றிக் கேட்டாகிவிட்டது. முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த ஒரு டீச்சர் அதை நிறுத்திவிட்டு நெல்லி மரத்தடியில் உட்கார ஆரம்பித்தார். அம்மா அவரிடம் போய், "மாத்திரையைப் போட்டுக்கிட்டே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆடி கடைசியில் பேச்சியம்மாள் வந்தார். காத்தமுத்துவின் ஒரே தங்கை. பதிமூன்று வயது இளையவர். ஒரு காலத்தில் அண்ணன் இடுப்பை விட்டு இறங்காதவர். நத்தம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருஷம் ஒரு தடவை வருவார். கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். காத்தமுத்து அறையை விட்டு வெளியே வரமாட்டார். சாயங்கால பஸ்ஸுக்குப் பேச்சியம்மாள் கிளம்பிப் போவார். இது மூன்றாவது வருஷம்.

இந்தத் தடவையும் கூடவே மகள் யாழினி. ஐந்து வயது முடியப்போகிறது. எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டிருந்தாள். காது மட்டும் வெறும் காது.

"பள்ளிக்கூடத்துல புள்ளைக கேலி பண்ணுதுகம்மா" என்றார் பேச்சியம்மாள். "தாய்மாமன் மடியில உக்காந்துதான் காது குத்தணும். இவ மாமன் உள்ள இருக்காரு. நான் என்ன செய்ய?"

அம்மா பிள்ளைக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

"ஆவணி இருபது வெள்ளிக்கிழமை காலையில நாள் குறிச்சாச்சு. எங்க வீட்டுக்காரரு முடிவாச் சொல்லிட்டாரு. இந்தத் தடவையும் வரலைன்னா, வேற யாரு மடியிலயாச்சும் வச்சுக் குத்திர வேண்டியதுதானாம். அப்படி ஒரு தடவை மடி மாறிருச்சுன்னா அவ்வளவுதாம்மா. அப்புறம் இவ சடங்குக்கோ கல்யாணத்துக்கோ மாமன்னு அவரைக் கூப்பிட எனக்கு வாய் வராது. ஊரும் விடாது."

அதைச் சொல்லும்போது பேச்சியம்மாள் அழவில்லை. மூன்று வருஷமாக அழுது முடித்துவிட்டார் போலிருந்தது.

அம்மா எழுந்து உள்ளே போனார். காத்தமுத்து பின்கட்டில் சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது தாடை லேசாக வீங்கியிருந்தது.

"தங்கச்சி வந்திருக்கு, டிரைவரே."

"போகச் சொல்லுங்கம்மா. அப்படி ஒருத்தி இருக்கான்னே என் மனசுல இல்ல. எப்பவோ அறுத்தாச்சு."

"வலிக்கலையா?"

"துளி வலி இல்ல."

"பல்லு மாதிரியா?"

"அதே மாதிரிதாங்கம்மா" என்றார் காத்தமுத்து. முகத்தில் பெருமை.

அம்மா அந்த வீங்கின தாடையைப் பார்த்தார்.

"சரி. நாளைக்கு டவுனுக்குப் போயி பல்லைக் காட்டிட்டு வருவோம்."

"எதுக்கும்மா? அதுதான் அடங்கிருச்சே."

"அடங்கினதைத்தான் காட்டுவோம். டாக்டரும் ஒரு தடவை பார்த்துக்கட்டும்."

அது காத்தமுத்துவுக்குப் பிடித்திருந்தது. மறுநாள் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக பஸ் நிறுத்தத்தில் நின்றார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் பல் டாக்டர் ஜெசிந்தா இருந்தார். சின்ன வயதுதான். ஆனால் காலையிலிருந்து குனிந்து குனிந்து பார்த்ததில் அவருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவர்கள் சிரிப்பதுபோலச் சிரித்துக்கொண்டார்கள்.

காத்தமுத்து நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி அதில் குளிர் மருந்தை அடித்தார்.

"ஒவ்வொரு பல்லா வைப்பேன். கூசுனா கையைத் தூக்குங்க."

முதலில் வலது பக்கத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்தார். காத்தமுத்து "ஸ்ஸ்" என்று துள்ளிவிட்டார். துள்ளினதில் வெட்கம் வந்துவிட்டது.

"அம்மா, இந்தப் பக்கம் இன்னும் பக்குவப்படலை" என்றார்.

டாக்டர் இடது பக்கத்துப் பல்லில் வைத்தார். காத்தமுத்து ஜெயித்தவர் முகத்தோடு மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார்.

"எதுவும் தெரியுதா?"

"இல்லை."

"கொஞ்சம்கூட?"

"இல்லவே இல்லை" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

டாக்டர் பஞ்சைத் தூரப் போட்டார். பிறகு வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் காம்பால் அந்தப் பல்லின் தலையில் லேசாகத் தட்டினார்.

"தட்டுனா வலிக்குதா?"

"இல்லை" என்றார் காத்தமுத்து.

அம்மா ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கால் கட்டை விரல் உள்ளே மடங்கியது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதைத் திரையில் காட்டினார். இரண்டு கால் ஊன்றி நிற்கும் பல். ஒரு காலின் அடியில் குந்துமணி அளவுக்குக் கறுப்பு.

"நீங்க கூசுதுன்னு துள்ளுனீங்களே, அந்தப் பல்லு நல்லாருக்கு" என்றார் டாக்டர். "இதுதான் செத்துப்போச்சு."

"செத்துப்போச்சா?"

"பல்லு வெளிய கல்லு மாதிரி தெரியும். உள்ள நரம்பு இருக்கு, ரத்தக் குழாய் இருக்கு. சொத்தை அது வரைக்கும் போயிருச்சு. கிருமி உள்ள இறங்கி நரம்பு அழுகிப்போச்சு. அழுகுனது சீழாகி வேர் நுனி வழியாத் தாடைக்குள்ள போகுது. இந்தக் கறுப்பு, எலும்பு கரைஞ்ச இடம்."

காத்தமுத்து எழுந்து உட்கார்ந்தார்.

"அப்படின்னா எனக்கு வலிச்சிருக்கணுமே டாக்டர்? பன்னெண்டு நாள் உசுரு போச்சு. பதிமூணாம் நாள் நின்னுருச்சு. அது நான் தியானத்துல உக்காந்து..."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"வலியைச் சொல்றதே நரம்புதான். அது சாகுற வரைக்கும் கத்தும். செத்துட்டா யாரு கத்துறது? நிறையப் பேரு அன்னைக்குச் சரியாப்போச்சுன்னு வீட்டுல இருந்துருவாங்க. ஒருத்தர் கிராம்புத் தைலம்பாரு, ஒருத்தர் உப்புத் தண்ணிம்பாரு. தியானம்னு இப்பத்தான் கேள்விப்படுறேன்."

நக்கலாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் அதிகமாகச் சுட்டது. காத்தமுத்துவின் முகம் இறங்கிவிட்டது.

"மாத்திரை குடுங்க."

"வீக்கத்துக்குக் குடுக்குறேன். ஆனா பல்லுக்குள்ள ரத்த ஓட்டம் நின்னுபோச்சு. மாத்திரை அங்க எப்படிப் போகும்? கையை விட்டுத்தான் சுத்தம் பண்ணணும்."

"அப்ப பிடுங்கிருங்க" என்றார் காத்தமுத்து. "செத்ததை எதுக்கு வச்சுக்கிட்டு? பிடுங்கி எறிஞ்சா தீர்ந்துச்சு."

"பிடுங்கலாம். அஞ்சு நிமிஷ வேலை." டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார். "இல்லைன்னா ரூட் கெனால் பண்ணலாம். மேல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, வேர் வரைக்கும் போயி, அழுகுனதை மட்டும் எடுத்து, கழுவி, மருந்து வச்சு அடைச்சிரலாம். பல்லு அங்கயே இருக்கும். மூணு தடவை வரணும். கடைசியில ஒரு கேப் போடணும்."

"செத்த பல்லு எப்படி நிக்கும்?"

"உள்ளதான் செத்திருக்கு. பல்லைச் சுத்திப் பிடிச்சிருக்கிற சதை உயிரோட இருக்கு. நான் தட்டுனப்ப வலிச்சுதுல்ல?"

"இல்லைன்னேனே."

"வாய் இல்லைன்னுச்சு" என்றார் அம்மா. வந்ததிலிருந்து அவர் பேசின முதல் வார்த்தை. "கால் கட்டை விரல் வேற சொல்லுச்சு."

காத்தமுத்து காலை இழுத்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டார். டாக்டர் இந்தத் தடவை நன்றாகச் சிரித்துவிட்டார்.

"சுத்தி உயிர் இருந்து, வேரும் ஆடாம இருந்தா நான் பிடுங்க மாட்டேன்" என்றார்.

அன்றைக்கே திறந்தார்கள். ஈறில் ஒரு ஊசி. வாயில் நீல ரப்பர் துணியை விரித்து, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டினார்கள். டிரில் கிறீச்சென்றது. ஓட்டை விழுந்ததும் அறையில் ஒரு நாற்றம் எழுந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் காத்தமுத்துவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணோரம் தண்ணீர் வந்தது. நாலு மாதத்துக்கு மேலாக இதை வாயில் வைத்துக்கொண்டுதான் ஊருக்கெல்லாம் வலியை ஜெயித்த கதை சொல்லியிருக்கிறார்.

டாக்டர் மயிரிழை போன்ற கம்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுத் தேய்த்து எடுத்தார். மூன்று குழாய்கள். தேய்ப்பதும் மருந்துத் தண்ணீரால் கழுவுவதுமாக ஒரு மணி நேரம் ஆனது. அம்மா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

மடத்துக்குத் திரும்பியதும் காத்தமுத்து நெல்லி மரத்தடிப் பக்கமே போகவில்லை. பால்காரர் கேட்டதற்கு, "சொத்தைப் பல்லுய்யா, வேற ஒண்ணுமில்ல" என்றார். முழங்கால் வலி டீச்சரிடமும் போய் அதையே சொன்னார்.

நாலாம் நாள், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் எதையும் ஜெயிக்கலையாம்மா?"

"தண்டு இளசா இருந்தா போட்டுருங்க. முத்துனதை மட்டும் எடுங்க."

"ஏழு வருஷம்மா."

"ம்."

"எல்லாம் வீணா?"

அம்மா இன்னொரு கட்டை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தார். இரண்டு பேரும் கீரையை ஆய்ந்து முடித்தார்கள்.

இரண்டாம் தடவை டாக்டர் முதல் நாள் தற்காலிகமாக வைத்த அடைப்பை எடுத்து, காகிதத் திரியை உள்ளே விட்டுப் பார்த்தார். இரண்டு குழாயில் திரி காய்ந்து வந்தது. மூன்றாவதில் ஈரமாக வந்தது.

"ஒரு வேர்ல இன்னும் கசியுது. இன்னைக்கு அடைக்க முடியாது."

"எல்லாம் சுத்தமாச்சுன்னீங்களே?"

"கண்ணுக்குத் தெரிஞ்சது சுத்தமாச்சு. இது நுனியில ஒளிஞ்சிருக்கு. இதை வச்சு அடைச்சேன்னா உள்ளயே மறுபடி கூடும். திரும்பவும் கழுவி மருந்து வச்சு அனுப்புறேன். அடுத்த வியாழக்கிழமை வாங்க."

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்களை மூடினார். காத்தமுத்து அடுத்த சீட்டில் இருந்தார். பஸ் ஊரைத் தாண்டியதும், யாரோ கேட்டதுபோல, அவராகவே பேச ஆரம்பித்தார்.

"எங்காத்தா செத்தப்ப நான் ராஜ்கோட்டுல இருந்தேன். பருத்தி லோடு ஏத்தப் போயிருந்தேன். தகவல் தெரிஞ்சதும் வண்டியை எடுத்தேன். ரெண்டாயிரம் கிலோமீட்டர் கிட்ட. கண்ணு மூடலை. நான் வந்து சேர்றேன், சுடுகாட்டுல பால் தெளிச்சுக்கிட்டு இருக்காங்க."

"அப்புறம்?" அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"பேச்சி புருஷன் கொள்ளி வச்சிருக்கான். மகன் நான் இருக்கேன். இன்னும் ஒரு நாள் வச்சிருந்தா முகத்தைப் பார்த்திருப்பேன். ஏண்டி வைக்கலைன்னு கேட்டேன். ஒன்றரை நாள் வச்சோம், பெரியவங்க விடலை அண்ணேன்னு அழுதா. இனிமே அந்த வார்த்தையை உன் வாயால சொல்லாதன்னு சொல்லிட்டு அப்படியே கிளம்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இங்க வந்துட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

காத்தமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு ஊர் வந்தது. யாரோ இறங்கினார்கள். பஸ் திரும்பவும் கிளம்பியது.

"திங்கக்கிழமை மத்தியானம் பேச்சி போன் பண்ணா. ஆத்தாவுக்கு முடியலை, வந்துரு அண்ணேன்னா. ரெண்டு மாசத்துல மூணாவது தடவை அப்படிக் கூப்பிடுறா. ரெண்டு தடவையும் அலறி அடிச்சுக்கிட்டு ஓடினா ஆத்தா எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிக்குது. லோடு ஏத்திட்டு வர்றேன்னு எரிஞ்சு விழுந்துட்டு..."

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"போனை ஆப் பண்ணிட்டேம்மா. செவ்வாக்கிழமை சாயந்திரந்தான் திரும்ப ஆன் பண்ணேன். ஆத்தா திங்கக்கிழமை ராத்திரியே போயிருச்சு. அந்த ஒரு நாள் என் பையில இருந்துச்சு. அதைத்தான் அவகிட்ட கேட்டேன்."

அம்மா கண்களைத் திறந்தார். ஆறுதல் சொல்வார் என்று காத்தமுத்து எதிர்பார்த்திருக்கலாம். அம்மா பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

"இதை யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார் காத்தமுத்து. பாதித் தண்ணீரைச் சட்டையில் சிந்திக்கொண்டு குடித்தார்.

அடுத்த வியாழக்கிழமை ஆவணி பத்தொன்பது, காது குத்துக்கு முந்தின நாள். அன்று திரி மூன்றிலும் காய்ந்து வந்தது.

"இன்னைக்கு அடைச்சிரலாம்" என்றார் டாக்டர். ரப்பர் போன்ற இளஞ்சிவப்புக் குச்சிகளை வேர் நுனி வரை இறக்கி, மேலே சிமெண்ட் பூசினார். "அடுத்த வாரம் கேப் போடணும். நரம்பு எடுத்த பல்லு காஞ்ச விறகு மாதிரி. கேப் இல்லாம கடலை மிட்டாய் கடிச்சீங்கன்னா ரெண்டாப் பிளந்துரும். பார்த்து நடந்துக்கணும்."

"பழைய மாதிரி ஆகாதா?"

"பழைய மாதிரி ஆகாது. ஆனா மெல்லலாம். பத்திருபது வருஷம்கூட நிக்கும்."

"அந்தக் கறுப்பு?"

"மெதுவா எலும்பு வந்து மூடும். அது நாம செய்யறதில்லை. நாம அழுகுனதை எடுத்தா போதும், அது தன்னால மூடிக்கும்."

வெளியே வந்தபோது அம்மா வராந்தாவில் இல்லை. காத்தமுத்து படியிறங்கிக் கீழே நின்றார். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்துத் துணிக்கடையிலிருந்து அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை.

"பிடிங்க டிரைவரே, கை வலிக்குது."

காத்தமுத்து வாங்கிப் பார்த்தார். சின்னதாக ஒரு பட்டுப் பாவாடை, சட்டை. ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு.

"யாருக்கும்மா?"

"அளவு தெரியலை. அஞ்சு வயசுன்னு சொன்னேன். அவங்களா எடுத்துக் குடுத்தாங்க."

காத்தமுத்து பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். பிறகு திரும்பவும் இடது கைக்கு.

பஸ் ஸ்டாண்டில் வெயில் சுட்டது. மடத்துக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி அம்மா நடந்தார். காத்தமுத்து பின்னாலேயே போனார். நத்தம் பஸ் நிற்கும் இடத்தில் சிமெண்ட் பெஞ்சு காலியாக இருந்தது. அம்மா அதில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா, என்னை எங்க கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னு" என்றார் காத்தமுத்து. உட்காரவில்லை. "என்னால முடியாது."

"சரி."

"நான் எந்த முகத்தோட போவேன்? பேச்சி மூணு வருஷமா மரத்தடியில உக்காந்துட்டுப் போயிருக்கா. நான் கதவைச் சாத்திக்கிட்டு இருந்திருக்கேன். என் தப்பை அவ மேல போட்டு ஏழு வருஷம் ஓட்டியிருக்கேன்."

"ம்."

"வேற யாரு மடியிலயாவது உக்காரட்டும்மா. அதுதான் அவங்களுக்கு நல்லது. இவன் ஒருத்தன் இருக்கான்னு நினைக்காம அறுத்து விட்டுட்டு நிம்மதியா இருக்கட்டும். எனக்கும் அங்க ஒண்ணும் மிச்சம் இல்ல. நிஜமாத்தாம்மா. செத்துப்போனதுதான். இனிமே அதைத் தொட்டா வலிகூட இருக்காது."

நத்தம் பஸ் உள்ளே திரும்பியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்களின் பெயர்களைக் கூவினார். ஆட்கள் சீட்டுப் பிடிக்கத் துண்டோடு ஓடினார்கள்.

அம்மா எழுந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காத்தமுத்துவுக்கு எதிரில் வந்து நின்றார். ஏழு வருஷமாகக் கூப்பிடாததைக் கூப்பிட்டார்.

"அண்ணே."

காத்தமுத்துவின் வாய் இறுக மூடியிருந்தது. அம்மா குனிந்து அவருடைய காலைப் பார்த்தார். ரப்பர் செருப்புக்குள் இடது கட்டை விரல் மடங்கி, அதோடு மற்ற நாலு விரலும் மடங்கியிருந்தன.

"வலிக்குதா?"

பஸ் ஹாரன் அடித்தது.

"வலிக்குதும்மா" என்றார் காத்தமுத்து.

"அப்ப பிடுங்க வேண்டாம். ஏறுங்க."